எந்த லார்க்ஸ்பர் இது?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பனி உருகியதும் மலைச்சரிவுகளிலும் புல்வெளிகளிலும் நீலமாகப் பூக்கும் செடியைக் காட்டி, இது லார்க்ஸ்பர் என்று சொல்ல ஒரு பள்ளிச் சிறுமியாலும் முடியும். பூவின் முதுகிலிருந்து பின்னோக்கி நீளும் குழலே போதிய அடையாளம். ஆனால் அது எந்த லார்க்ஸ்பர் என்று கேட்டால், வாழ்நாள் முழுவதும் செடிகளோடு புழங்கியவரும் உடனே விடை சொல்லமாட்டார். டெல்ஃபினியம் என்ற இந்தப் பேரினத்தில் உலகெங்கும் 300-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மராட்டியப் பகுதியிலும் டெல்ஃபினியம் மலபாரிக்கம் என்ற ஓர் இனம் நீலமாகப் பூக்கிறது. வட அமெரிக்கத் தாவரங்களைத் தொகுத்த பெருநூலின் மூன்றாம் தொகுதி (1997) அக்கண்டத்துக்கு மட்டும் 61 இனங்களைத் தருகிறது. அந்தப் பகுதியை எழுதியவர் மைக்கேல் வார்னாக். அதற்கு முன் 1945-இல் ஜோசப் யூவன் இதே வேலையைச் செய்திருந்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், ஒருவர் தனி இனம் என்று கண்டதை மற்றவர் துணையினம் என்றும் கலப்பு என்றும் எழுதியிருப்பது பல இடங்களில் தெரியும். இருவருமே கவனக் குறைவானவர்கள் அல்லர். செடிகளே அப்படி அமைந்திருக்கின்றன.

இந்தக் குழப்பத்துக்கு இரண்டு வேர்கள் உண்டு. நாம் செடியின் தவறான உறுப்பைப் பார்ப்பது ஒன்று. இனங்கள் தமக்குள் இன்னும் முழுமையாகப் பிரியாமல் இருப்பது மற்றொன்று. முதலாவதைப் பழக்கத்தால் சரிசெய்யலாம். இரண்டாவதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முதலில் பூவின் அமைப்பு. இதழ்கள் என்று நாம் எண்ணும் ஐந்து பெரிய நிறப்பகுதிகள் உண்மையில் புல்லிதழ்கள். அவற்றுள் மேலே இருப்பதுதான் பின்னோக்கி நீண்டு குழலாகிறது. அல்லிதழ்கள் நான்கும் பூவின் நடுவில் சிறியவையாக இருக்கும். மேல் இரண்டு அல்லிதழ்கள் தேனைத் தாங்கியபடி அந்தக் குழலுக்குள் வால் நீட்டியிருக்கும். கீழ் இரண்டும் மகரந்தத்தாள்களின் மேல் கவிந்து, நுனி பிளந்து, மென்மயிரோடு இருக்கும். நடுவில் பெரும்பாலும் மூன்று சூலகங்கள். அவை முற்றி மூன்று காய்களாகும். தோட்டங்களில் விதைத்து வளர்க்கும் ஓராண்டு லார்க்ஸ்பரில் காய் ஒன்றே. அதைக் கன்சோலிடா என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள். 2011-இல் வெளிவந்த மரபணு ஆய்வு அதையும் டெல்ஃபினியத்துக்குள்ளேயே சேர்த்தது. நம் வைத்திய நூல்கள் நாபி என்று சொல்லும் நஞ்சுச் செடியின் பேரினமான அகோனிட்டமும் நெருங்கிய உறவுதான். அதன் மேல் புல்லிதழ் குழலாக நீளாமல் முக்காடாகக் கவிந்திருக்கும். பூக்காத பருவத்தில் இரண்டையும் பிரிக்க மேய்ச்சல்காரர்கள் தண்டை ஒடித்துப் பார்ப்பார்கள். உயர்ந்து வளரும் லார்க்ஸ்பரின் தண்டு உள்ளே கூடாக இருக்கும். அகோனிட்டத்தின் தண்டு கெட்டியாக இருக்கும்.

இனி நிறம். புதிதாகப் பார்ப்பவரின் கண்ணும் கேமராவும் முதலில் நிறத்தில்தான் போய் நிற்கின்றன. நிறம் கைகொடுக்கும் இனங்கள் இல்லாமல் இல்லை. வட கலிபோர்னியாவின் டெல்ஃபினியம் நுடிகாலே செம்மஞ்சளாகப் பூக்கும். தெற்கே ஆளுயரத்துக்கும் மேல் வளரும் கார்டினாலே இரத்தச் சிவப்பு. இரண்டையும் ரீங்காரச் சிட்டுகள் நாடி வரும். பொடேகா விரிகுடாவை ஒட்டிய பாறைகளில் மட்டும் வளரும் லூட்டியம் மஞ்சள். இவற்றை எதனோடும் குழப்பிக்கொள்ள வழியில்லை. தொல்லை முழுவதும் நீலத்தில்தான் இருக்கிறது. கருநீலம், வான்நீலம், ஊதா, வெளிர்நீலம் என எல்லாமே ஓர் இனத்துக்குள்ளேயே வரும். ஒரே சரிவில் நூறு நீலப் பூக்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பூவும் நிற்கும்.

அந்த வெள்ளைப் பூவை வைத்தே பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. கொலராடோ மலைகளில் காதிக் என்ற இடத்தில் உள்ள ராக்கி மலை உயிரியல் ஆய்வகத்தைச் சுற்றி, அன்று நெல்சோனை என்றும் இன்று நுட்டாலியானம் என்றும் அழைக்கப்படும் குட்டை லார்க்ஸ்பரை நிக்கோலஸ் வேசரும் மேரி பிரைஸும் ஆராய்ந்தார்கள். வெள்ளைப் பூக்கள் ஏன் அரிதாகவே இருக்கின்றன என்பது அவர்களுடைய கேள்வி. எவல்யூஷன் இதழில் 1981-இலும் நேச்சர் இதழில் 1983-இலும் அவர்கள் எழுதிய கட்டுரைகள் விடையைத் தந்தன. தேன் எங்கே என்று காட்டும் நிற வேறுபாடு வெள்ளைப் பூவில் மங்கலாக இருப்பதால் பம்பிள்பீ வண்டுகளுக்கும் ரீங்காரச் சிட்டுகளுக்கும் ஒவ்வொரு பூவிலும் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அதனால் அவை வெள்ளைப் பூக்களைத் தவிர்க்கின்றன, விதையும் குறைகிறது. நிறம் செடிக்கு வாழ்வா சாவா என்ற விஷயம் என்பது இதில் தெரிகிறது. ஆனால் இனத்தை அறிய அது உதவாது என்பதும் இதே ஆய்விலிருந்து தெரிகிறது: அந்த வெள்ளைச் செடியும் நீலச் செடியும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கலாம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். என் கருத்தில் லார்க்ஸ்பர் இனங்காணலில் பாதி வேலை தண்டின் அடியில் முடிகிறது. அடித்தண்டு செம்மை ஓடியதா பச்சையா, வழுவழுப்பா மயிரடர்ந்ததா, மயிர் தண்டோடு படிந்ததா விறைத்து நிற்பதா, மண்ணுக்குள் வேரோடு சேருமிடத்தில் நூல்போல் மெலிந்ததா உறுதியானதா? குட்டை இனங்கள் பலவற்றில் கிழங்குபோல் தடித்த சிறு வேர்க்கொத்து இருக்கும். தண்டு அதோடு சேரும் இடம் மெலிந்திருப்பதால், மெல்ல இழுத்தாலே தண்டு மட்டும் கையோடு வந்துவிடும். உயர்ந்த இனங்களில் வேர் மரம்போல் கெட்டியாக, பல ஆண்டு முதிர்ந்ததாக இருக்கும். இனங்காண உதவும் நூல்களின் திறவுகோல்கள் வேரைப் பற்றிக் கேட்பது இதனால்தான். இதற்காகச் செடியைத் தோண்ட வேண்டியதில்லை. பழைய ஹெர்பேரியத் தாள்களில் வேரோடு ஒட்டிய மாதிரிகளை ஒருமுறை பார்த்துவிட்டால், வெளியே தெரியும் அடித்தண்டைக் கொண்டே பெரும்பாலும் ஊகிக்கலாம்.

அடுத்தது இலை. எத்தனை மடல், எவ்வளவு அகலம் என்பதைவிட, இலைகள் எங்கே இருக்கின்றன, பூக்கும் நேரத்தில் பச்சையாக இருக்கின்றனவா காய்ந்துவிட்டனவா என்பதே அதிகம் சொல்லும். அரிசோனா பக்கத்து ஸ்கேப்போசத்தில் இலைகள் அனைத்தும் தரையோடு கொத்தாக இருக்கும். பூந்தண்டு மொட்டையாக எழும். வேறு பல இனங்களில் தண்டு நெடுக இலை உண்டு. ஒரே செடியில் அடி இலையின் மடல்கள் அகன்றும் மேல் இலையின் மடல்கள் ஊசிபோலவும் இருப்பதால், ஒரே ஓர் இலையின் படத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பூக்காத இளஞ்செடியை ஒட்டும் மயிர் கொண்ட காட்டு ஜெரேனியமாக எண்ணி ஏமாறுவதும் நடக்கிறது.

பூவில் பார்க்க வேண்டியது கீழ் அல்லிதழ்கள் இரண்டையும்தான். சிறியவை, படத்தில் பெரும்பாலும் மங்கிப்போகும். ஆனால் அவற்றின் நுனிப் பிளவு எவ்வளவு ஆழம், மயிர் எங்கே அடர்ந்திருக்கிறது என்பவை இனத்துக்கு இனம் மாறும். ராக்கி மலைப் பகுதியில் மிகுதியாகக் குழப்பும் இணையான பைகலரும் நுட்டாலியானமும் இதனால்தான் பிரிகின்றன. இரண்டும் குட்டை, இரண்டும் கருநீலம், இரண்டும் பனி உருகியதும் பூப்பவை. பைகலரின் கீழ் அல்லிதழில் பிளவு ஒரு சிறு வெட்டு அளவே இருக்கும். நுட்டாலியானத்தில் ஆழமாக இறங்கியிருக்கும். ஒரு கை லென்ஸும் சற்றுப் பொறுமையும் இருந்தால் அரை நிமிட வேலை.

நுட்டாலியானத்தின் சிக்கல் அதோடு முடிவதில்லை. மேற்கு மாநிலங்களில் மிகப் பரந்து காணப்படும் குட்டை லார்க்ஸ்பர் அது. இடத்துக்கு இடம் உயரமும் மயிரும் பூ எண்ணிக்கையும் மாறும். மலையின் ஈரப் புல்வெளிகளில் மெலிந்து, சில பூக்களோடு நிற்கும் டெப்பாப்பரேட்டம் அதன் வாடிய உருவம்போலவே தோன்றும். பசிபிக் கரைப்பக்கம் போனால் மென்சீசியை அதன் இடத்தைப் பிடிக்கிறது. இது ஜார்ஜ் வான்கூவரின் கப்பற்பயணத்தில் சென்ற ஆர்ச்சிபால்டு மென்சீஸின் பெயரைத் தாங்கியது. போதாததற்குக் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நுட்டாலியை என்று வேறோர் இனமும் உண்டு. நுட்டாலியையும் நுட்டாலியானமும் தாமஸ் நுட்டால் என்ற ஒரே மனிதரின் நினைவாக வைத்த பெயர்கள். செடிகள் வேறு வேறு. பழைய நூலில் நெல்சோனை என்று படித்ததைப் புதிய நூலில் தேடுபவர் இந்த மூன்று பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக விதை. வார்னாக் விதையின் மேற்தோலுக்குக் கொடுத்த முக்கியத்துவம் அளவுக்கு மீறியது என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அவர் பக்கமே நியாயம் தெரிகிறது. பூ, தன்னை நாடிவரும் வண்டுக்கும் பறவைக்கும் ஏற்ப உருமாறக்கூடியது. விதையின் தோலுக்கு அந்த நெருக்கடி இல்லை. சில இனங்களின் விதை ஓரங்களில் சிறகுபோன்ற விளிம்பு உண்டு. சிலவற்றில் தோலின் செல்கள் புடைத்து நிற்கும். கலிபோர்னியாவின் ஹான்செனையில் விதை முழுவதும் சிலும்பிக் கிடப்பதுபோல் தோன்றும். நடைமுறைத் தொல்லை ஒன்றே: மனிதர்கள் பூக்காலத்தில் மலைக்குப் போகிறார்கள், விதைக்காலத்தில் போவதில்லை.

பார்க்கும் உறுப்பைச் சரிசெய்துகொண்டபின்னும் எஞ்சும் குழப்பம்தான் உண்மையான அறிவியல் கேள்வி. அதற்குக் கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கைவிட நல்ல சான்று இல்லை. பள்ளத்தாக்கின் அடியில் உவர் மண்ணில் ரிகர்வேட்டம். வெளிர் நீலம், புல்லிதழ்கள் பின்னோக்கி வளைந்தவை. சுற்றிலும் உள்ள மேடுகளில் ஓக் மரங்களுக்கு இடையே ஹெஸ்பீரியம். அதன் வெளிறிய துணையினம் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட புல் மேடுகளில் ஜிப்சோஃபிலம், உருவிலும் இடைப்பட்டதாக. ஹார்லன் லூயிஸும் கார்ல் எப்ளிங்கும் 1959-இல் எவல்யூஷன் இதழில் எழுதிய கட்டுரையில், ஜிப்சோஃபிலம் என்பது மற்ற இரண்டும் கலந்து பிறந்து நிலைபெற்ற இனம் என்று வாதிட்டார்கள். கலப்பினத் தோற்றம் என்றால் குரோமோசோம் இரட்டிப்பாகியிருக்க வேண்டும் என்று பலர் எண்ணிய காலம் அது. இரட்டிக்காமலே, லார்க்ஸ்பரின் வழக்கமான 16 குரோமோசோமோடு ஒரு கலப்பு தனி இனமாகலாம் என்றது அந்த வாதம். பின்னால் மரபணு வரிசைகளைக் கொண்டு இதை மறுபடி சோதித்தவர்களும் உண்டு. மண்ணைக் கவனிக்காமல் பூவை மட்டும் படமெடுத்து வந்தவர்கள் இம்மூன்றையும் பிரிக்க முடியாது என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை. எந்த மண், எந்தச் சரிவு, சுற்றி என்ன மரம் என்பவை இங்கே இலையையும் பூவையும்போல அடையாளங்களே.

கலப்பு என்று நினைத்தது கலப்பில்லை என்று ஆன கதையும் உண்டு. மேலே சொன்ன மஞ்சள் லார்க்ஸ்பரை, நீலப்பூ டெக்கோரமும் செம்பூ நுடிகாலேயும் அண்மையில் கலந்து பிறந்தது என்று ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. 2001-இல் வெளிவந்த மரபணு ஆய்வு அப்படி அண்மையில் நடந்த கலப்புக்கு ஆதரவு தரவில்லை. வெறும் ஏட்டுச் சண்டையாக இதை ஒதுக்கிவிட முடியாது. 2000-ஆம் ஆண்டு ஜனவரியில்தான் அமெரிக்க அரசு அதை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்திருந்தது. தற்செயலாகப் பிறந்த கலப்பு என்று முத்திரை விழுந்திருந்தால், அதைக் காக்க ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு வழி பிறந்திருக்கும். அதே நாளில் பட்டியலில் ஏறிய இன்னோர் இனம் பேக்கரை. 1942-இல் யூவன் பெயரிட்ட இச்செடி, முதலில் கண்டெடுக்கப்பட்ட சோனோமா மாவட்டத்து இடத்திலிருந்து மறைந்துவிட்டது. மாரின் மாவட்டத்தில் சாலையோரச் சரிவு ஒன்றில் இயற்கையாக எஞ்சி நின்றது. பெர்க்லி பல்கலைக்கழகத் தாவரத் தோட்டம் விதையெடுத்து வளர்க்கிறது. சாலையோரப் புதரை வெட்ட வருபவருக்கு அங்கே நிற்பது பேக்கரையா, எங்கும் கிடைக்கும் மற்றொரு நீல லார்க்ஸ்பரா என்பது தெரிந்திருப்பதில் ஓர் இனத்தின் வாழ்வே தொங்குகிறது.

மாறாக, சான் கிளமென்டே தீவில் நிறத்தைக் கொண்டே இரண்டு துணையினங்கள் பிரிக்கப்பட்டன. வேரிகேட்டம் என்ற இனத்தின் கின்கியென்சே வெள்ளையாகவும் தோர்னியை நீலமாகவும் பூப்பவை. தீவின் நடுப்பகுதியில் இரண்டும் கலந்த கூட்டங்கள் உண்டு. மரபணுவைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறக்கோடு தெளிவாகப் புலப்படவில்லை. கின்கியென்சே 1977-இல் காப்புப் பட்டியலில் ஏறியது. தீவைச் சொந்தமாகக் கொண்ட அமெரிக்கக் கடற்படை 1990-களின் தொடக்கத்தில் ஆடுகளை முழுவதும் அகற்றியபின் செடிகள் மீண்டன. 2023-இல் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எல்லை எங்கே என்ற விவாதம் முடிவதற்குக் காத்திராமல் ஆடுகளை அகற்றியது சரியான செயல் என்றே நான் நினைக்கிறேன்.

இனி உயர்ந்த லார்க்ஸ்பர்கள். ராக்கி மலையின் உயரங்களில் பார்பியை, அதற்கு வடக்கிலும் மேற்கிலும் ஆக்சிடென்டாலே, சியரா நெவாடாவிலிருந்து அலாஸ்கா வரை கிளாக்கம். பார்பியையின் பூங்கொத்து அடர்ந்தது, கரும் ஊதா. பூக்காம்புகளில் பிசுபிசுக்கும் மயிர் இருக்கும். ஆக்சிடென்டாலேயின் கொத்து நீண்டு ஒடுங்கியது, பூ சிறியது. கிளாக்கத்தின் தண்டில் வெண்சாம்பல் பூச்சு உண்டு. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. யூட்டாவின் மலைகளில் முதல் இரண்டும் சந்திக்கும் இடங்களில் எல்லா இடைநிலைகளும் கிடைக்கும். வார்னாக் ஆக்சிடென்டாலேயைத் தனி இனமாகவே ஏற்கவில்லை. பார்பியையும் கிளாக்கமும் கலந்து உண்டானது என்று கலப்புக் குறியிட்டு எழுதினார். நஞ்சை ஆராய்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பு போதவில்லை. 2002 வாக்கில் இம்மூன்றையும் பிரிக்க டி.என்.ஏ. அடையாளங்களை உருவாக்கினார்கள்.

அவ்வளவு பாடுபடக் காரணம் மாடுகள். மேற்கு மாநிலங்களின் மலை மேய்ச்சல் நிலங்களில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மாடுகளைக் கொல்லும் செடி லார்க்ஸ்பர். அதன் ஆல்கலாய்டுகளில் கொடியது மெத்தில்லைக்காகோனிட்டின். நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தியை அது தடுத்துவிடுகிறது. மாடு தள்ளாடி விழுந்து, மூச்சுவிடும் தசையும் ஓய்ந்து இறக்கிறது. ஆட்டுக்கு இந்த நஞ்சைத் தாங்கும் திறன் பல மடங்கு அதிகம். யூட்டாவின் லோகன் நகரில் அமெரிக்க வேளாண் துறையின் நச்சுத் தாவர ஆய்வகம் பல பத்தாண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறது. உயர்ந்த லார்க்ஸ்பர் இளமையில் மிகுந்த நஞ்சுள்ளது. அப்போது மாடுகள் அதைப் பெரும்பாலும் தின்பதில்லை. பூங்கொத்து நீண்டபின் விரும்பித் தின்னத் தொடங்கும். காய் வெடித்தபின் நஞ்சு வெகுவாக இறங்கிவிடும். ஆபத்து இடைப்பட்ட அந்த வாரங்களில்தான். ஆகவே செடி தண்டெழும் முன்போ காய் வெடித்த பின்போ மேய்க்கலாம். குட்டை லார்க்ஸ்பர் உள்ள நிலத்தில் இதே அறிவுரை உயிரைக் குடிக்கும். அது புல்லுக்கு முந்தி வசந்தத்திலேயே எழுந்து பூத்துவிடுவதால், அது காயும்வரை மாடுகளை உள்ளே விடாமல் காத்திருப்பதே வழி. உயர்ந்ததா குட்டையா என்று தெரியாதவருக்கு நாட்காட்டி தலைகீழாகிவிடும்.

இனத்தின் பெயர் தெரிந்தாலும் முழுப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. ஆக்சிடென்டாலேயின் சில கூட்டங்களில் கொடிய வகை ஆல்கலாய்டுகள் நிறைந்திருக்கின்றன. வேறு சில கூட்டங்களில் அவை இல்லை. வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. தாவரவியலாளர் வரைந்த எல்லையும் வேதியியல் காட்டும் எல்லையும் பொருந்தாத இந்த இடத்தில், கூட்டத்துக்குக் கூட்டம் மாதிரி எடுத்துச் சோதிப்பதைத் தவிர மேய்ச்சல்காரருக்கு வேறு வழியில்லை.

இவ்வளவையும் பார்த்தபின் என் முடிவு இது. லார்க்ஸ்பரைத் தனிச் செடியாகப் பார்த்துப் பெயரிடக் கூடாது. கூட்டமாகப் பார்க்க வேண்டும். ஒரு சரிவில் பத்துச் செடிகளின் அடித்தண்டையும் கீழ் அல்லிதழையும் பார்த்து, பெரும்பான்மை எப்படி இருக்கிறதோ அதைக் கொண்டு திறவுகோலுக்குள் நுழைந்தால் பெரும்பாலான இனங்கள் பிடிபட்டுவிடும். ஒன்றிரண்டு செடிகளின் விலகல் அப்போது நம்மைக் குழப்பாது. பிடிபடாதவற்றுக்கு 'நுட்டாலியானம் குழு' என்றோ 'பார்பியை, ஆக்சிடென்டாலே இடைநிலை' என்றோ எழுதுவதில் குறைவொன்றும் இல்லை. தவறான துல்லியத்தைவிட அது பின்னால் வருபவருக்கு அதிகம் பயன்படும்.

கலிபோர்னியாவிலும் கொலராடோவிலும் நம்மவர் பலர் வாழ்கிறார்கள். வசந்தத்தில் குடும்பத்தோடு மலையேறிப் பூக்களைப் படமெடுக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பூவை எடுத்த கையோடு அடித்தண்டையும், அடியிலையையும், கீழ் அல்லிதழ் தெரியும்படி பூவின் முகத்தையும், சுற்றியுள்ள மண்ணையும் படமெடுங்கள். முடிந்தால் ஓரிரு மாதம் கழித்துக் காய்க்கும் நேரத்தில் அதே இடத்துக்குப் போய் விதையையும் எடுங்கள். வேரைப் பார்ப்பதற்காக ஒரு செடியையும் பிடுங்காதீர்கள்; செடி முழுவதும் நஞ்சு என்பதால் குழந்தைகள் வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.